நம்பர் பெட்டி

1996 ஐப்பசியில் ஒரு நாள், என் பெரிய மாமாவின் சட்டையை ஊறவைத்த வாளியில் அவருடைய பாக்கெட் நோட்டும் சேர்ந்து ஊறிவிட்டது. மாமா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். டயர் கடைக்காரரோ ஃபைனான்ஸ்காரரோ புது வருடத்துக்கு இலவசமாகத் தரும் உள்ளங்கை அகல நோட்டு அது. கொச்சியில் முட்டை இறக்கும் வியாபாரி, நாக்பூரில் ரிட்டர்ன் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ், பாதி வழியில் வண்டி நின்றால் கூப்பிட வேண்டிய மெக்கானிக், வண்டியின் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்ட வேண்டிய நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள், காலாண்டு வரி, நேஷனல் பர்மிட் என்று அவருடைய தொழில் முழுவதும் அதற்குள் இருந்தது. அத்தை அதைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தார். மைப் பேனாவில் எழுதியதெல்லாம் நீலத் திட்டாகிப் போயிருந்தது. பால்பாயிண்டில் எழுதியவை தப்பின. மாமா பெரும்பாலும் மைப் பேனாக்காரர்.

அந்த வாரமே அவர் டிஜிட்டல் டைரி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அதை அப்படித்தான் சொன்னோம். அவருடைய டிரைவர்கள் மட்டும் 'நம்பர் பெட்டி' என்றார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. அந்தச் சாமான் செய்த வேலையைச் சரியாகச் சொன்ன பெயர் அது.

அந்தப் பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. ஒடிசாவின் டிட்லாகரில் பிறந்து அமெரிக்காவில் தொலைபேசிப் பொறியாளராக இருந்த சாம் பிட்ரோடா, 1975இல் கையடக்க மின்னணு நாட்குறிப்பு ஒன்றை வடிவமைத்தார்; பின்னர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதே பிட்ரோடாதான் பின்னால் இந்தியாவுக்குத் திரும்பி, 1984இல் சி-டாட் நிறுவனத்தைத் தொடங்கி, ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வர வழி செய்தவர். ஒரே மனிதர் நம்பர்களைப் பெருக்கியும் விட்டார், அவற்றை வைத்துக்கொள்ளப் பெட்டியையும் முன்பே யோசித்திருந்தார். கடையில் விற்கும் பொருளாக அதை ஆக்கியவர்கள் மற்றவர்கள். 1983இல் ஜப்பானின் கேசியோ பி.எஃப்.-3000 என்ற டைரியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் சையான் நிறுவனம் ஆர்கனைசர் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதன் பின் ஷார்ப்பின் விசார்ட் வந்தது. 1990களில் இந்த வகைப் பெட்டிகள் சிங்கப்பூர், ஹாங்காங் கடைகளில் குவிந்தன. அங்கிருந்து, வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் பெட்டிகளில் ஒளிந்தும், வியாபாரிகளின் சரக்காகவும் சென்னை பர்மா பஜாருக்கு வந்தன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்க உருவான கடைவீதி அது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் தமிழ்நாடே போய் நின்ற இடம்.

மாமா சென்னைக்கு லோடு ஏற்றிய வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வேலை.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது கால்குலேட்டர் கனம். ஐம்பது பெயர் போடலாம். விலை மிகக் குறைவு. இரண்டாவது 32 கே.பி. நினைவகம் கொண்டது, புத்தகம் போல் திறந்து மூடுவது, ரப்பர் பட்டன்கள். பெயருக்கும் நம்பருக்கும் முப்பது எழுத்து என்று கணக்கு வைத்தால் ஆயிரம் பேருக்கு மேல் அடங்கும். மூன்றாவது 128 கே.பி.; கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு கேபிளும் கூட வந்தது; விலை மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் கேபிளுக்கு எதற்குக் காசு என்று நான்தான் சொன்னேன். மாமா வேறு விதமாகப் பார்த்தார். பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக் குனிந்து நிமிர்ந்தார். விழுகிறதா என்று பார்த்தார். கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். பட்டனைத் தன் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒரே அமுக்கில் இரண்டு எழுத்து விழுந்தது சின்னப் பெட்டியில். அடுத்து பேட்டரியைக் கேட்டார். வட்டமாகக் காசு போல இருக்கும் சி.ஆர். 2032. "இது நாமக்கல்லுல கெடைக்குமுங்களா?" வாட்ச் கடையில் கிடைக்கும் என்றார் கடைக்காரர். நடு விலைப் பெட்டியை வாங்கினோம்.

அமெரிக்காவில் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையை அந்த அளவுக்குச் செதுக்கி, பல நாள் தன் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்று பின்னாளில் படித்தேன். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்துப் பார்ப்பது போலப் பாவனை செய்வாராம். படித்ததும் பர்மா பஜாரில் குனிந்து நிமிர்ந்த மாமாதான் நினைவுக்கு வந்தார். கையில் வைத்துப் புழங்கும் சாமானைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல சோதனை இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் இருவருமே கேட்கத் தவறினோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்கு வந்ததும் நம்பர் ஏற்றும் வேலை தொடங்கியது. பெட்டிக்குத் தமிழ் தெரியாது. பெயர்களை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். அடித்ததை அது அகர வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால் வரும். கே. பழனிசாமி 'கே'யில் போய் உட்கார்ந்தார், எம். பழனிசாமி 'எம்'மில். இனிஷியலை எடுத்துவிட்டால் பதினேழு பழனிசாமிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தார்கள். கொங்குச் சீமையில் பழனிசாமிகளையும் பெரியசாமிகளையும் ராமசாமிகளையும் யாரும் இனிஷியலால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. ஊர், தோட்டம், தொழில், ஓட்டும் வண்டி, இதுதான் அடையாளம். மாமா இரண்டு நாள் யோசித்துத் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். தொழிலை முதலில், ஊரை அடுத்து, பெயரைக் கடைசியில் போட்டார். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்தார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் ஓரிடத்தில். ஜவ்வரிசி லோடு கொடுப்பவர்கள் ஓரிடத்தில். பெட்டி செய்தவர்கள் நினைத்துப் பார்க்காத வரிசை அது. அவருக்கு அது அரை நிமிடத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்தது.

ஏற்றிய நம்பர்கள் நிலைக்கவும் இல்லை. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. முகவரிகளில் சேலம் மாவட்டம் என்பதை மாற்றினார். சில ஆண்டுகள் கழித்துத் தரைவழி எண்களின் முன்னால் 2 சேர்ந்தது. 04286 நாமக்கல், 04287 ராசிபுரம், 04288 திருச்செங்கோடு, எல்லா ஊரிலும் ஐந்து இலக்கம் ஆறு இலக்கமானது. ஒவ்வொரு பெயராகத் திறந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு 2. நோட்டாக இருந்தால் முதல் பக்கத்தில் 'எல்லாத்துக்கும் 2' என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம்.

காலண்டரும் அப்படித்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் வரை கிழமை சொல்லும். ராகு காலம் சொல்லாது, முகூர்த்த நாள் சொல்லாது, ஆடி 18 எந்தத் தேதியில் வருகிறதென்று சொல்லாது. வண்டியின் முதல் டிரிப்பை எமகண்டத்தில் எடுக்க மாமாவுக்கு மனம் வராது. அதனால் சுவரில் சிவகாசி தினசரிக் காலண்டர் இருந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்து நாள் குறித்துப் பெட்டியில் அலாரம் வைத்தார். எஃப்.சி. தேதிக்குப் பத்து நாள் முன்னால் அது பீப் பீப் என்று கத்தும். அந்த ஒரு வேலையை அந்தப் பெட்டி அருமையாகச் செய்தது. அவரிடம் அது இருந்த வருடங்களில் ஒரு எஃப்.சி.யும் தவறவில்லை.

அத்தை அதைத் தொடவே இல்லை. தோட்டத்தில் அவர் பொறுப்பில் ஒரு கோழி ஷெட் இருந்தது. முட்டைக்கோழி வளர்ப்பு என்பது நாள் கணக்கு. குஞ்சு வந்த நாளிலிருந்து வாரம் எண்ண வேண்டும். எந்த நாளில் ராணிக்கெட் நோய்க்கு மருந்து, எந்த நாளில் கம்போரோ நோய்க்கு மருந்து, பதினெட்டு இருபது வாரத்தில் முட்டை தொடங்கியதா, எழுபத்திரண்டாம் வாரத்தை ஒட்டிக் கழிக்கும் நேரம் வந்ததா என்று பார்க்க வேண்டும். நாள்தோறும் தீவனம் எவ்வளவு, முட்டை எவ்வளவு, செத்தது எத்தனை. அன்றைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி. அறிவித்த நாமக்கல் மண்டல விலை என்ன. அத்தை நீள நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இத்தனையையும் எழுதினார். மாமா ஒருநாள் இதையும் பெட்டியில் ஏற்றிவிடலாமே என்றார். அத்தை அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செத்த கோழியெ எழுதறதுக்கு இதுல எடம் எங்கீங்க இருக்குது?"

சரியான கேள்வி. பெட்டியில் பெயர், நம்பர், முகவரி என்று மூன்று இடம். அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு இடம். மெமோ என்று ஒன்று, அதில் வரி வரியாக அடிக்கலாம். கட்டம் போட முடியாது, நேற்றையும் இன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஊர் ஊராகப் போய் வாடிக்கையாளர்களைப் பார்க்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதியின் நாளை மனத்தில் வைத்துச் செய்த சாமான் அது. லாரிக்காரரின் நாள் ஏறக்குறைய அதற்குப் பொருந்தியது. கோழி ஷெட்டின் நாள் பொருந்தவில்லை. அத்தையின் நோட்டுதான் அவருக்கு மலிவும் சிறப்புமான ஆர்கனைசர் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

1999 கோடையில் திரை மங்கத் தொடங்கியது. மாமா பேட்டரி மாற்ற ஒரு வாட்ச் கடைக்குக் கொண்டுபோனார். அந்த வகைப் பெட்டிகளில் இரண்டு விதப் பேட்டரி இருக்கும். ஒன்று பெட்டியை ஓட்டுவது, மற்றொன்று அந்த முதல் பேட்டரியை மாற்றும் நேரத்தில் நினைவைத் தாங்கிப் பிடிப்பது. உள்ளே இருந்த நினைவகம் மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் எல்லாவற்றையும் விட்டுவிடும் ஜாதி. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. படித்துச் சொல்ல வந்த நான் அந்தப் பக்கத்தைச் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் நல்லெண்ணத்தில் இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். புதுப் பேட்டரி போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

அன்றிரவு மாமா எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். கொச்சி வியாபாரியின் நம்பர் மனப்பாடம். அவரைக் கூப்பிட்டார். அவர் தன் நோட்டை எடுத்துவந்து, இருவருக்கும் தெரிந்தவர்களின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மாமா எழுதிக்கொண்டார். அந்த நம்பர்களில் ஒன்றைக் கூப்பிட்டு இன்னும் நாலு நம்பர். இப்படியே நாலைந்து இரவு. முக்கால்வாசி திரும்பி வந்தது, பெட்டிக்குள்ளும் திரும்ப ஏறியது.

பர்மா பஜாரில் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி இதுதான்: போட்டதை வெளியே எடுக்க முடியுமா? மூன்றாவது பெட்டியோடு வந்த கேபிள் அதற்குத்தான். அதன் விலை வீணான விலை என்று நான் சொன்னது தவறு. கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் மணிக்குப் பத்து இருபது கொடுத்து ஒரு ஃபிளாப்பியில் இறக்கி வைத்திருக்கலாம். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கருவிகளின் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது. 1984இன் சையான் ஆர்கனைசரில் தகவல் தனியே கழற்றக்கூடிய ஒரு பேக்கில் பதியும். பேட்டரி தீர்ந்தாலும் அழியாது. 1996இல் 299 டாலருக்கு வந்த பாம் பைலட்டிலும் நினைவு பேட்டரியை நம்பித்தான் இருந்தது. ஆனால் அதைத் தொட்டில் போன்ற ஒரு தாங்கியில் வைத்து ஒரு பட்டனை அமுக்கினால் உள்ளே இருப்பது முழுதும் கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் போய்விடும். அது பெயர் பெற்றதற்கு அந்த ஒரு பட்டன் பெரிய காரணம். 2002இல் பாம் நிறுவனம் ஸையர் என்ற பெயரில் 99 டாலருக்கு ஒன்றை விற்றபோதும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும் வசதியை எடுத்துவிடவில்லை. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவருக்குத் தொட்டிலால் பயனில்லை. பாமில் எழுதுவதற்கும் இங்கிலீஷ் எழுத்தின் ஒருவகைச் சுருக்க வடிவத்தைப் பழக வேண்டும்.

எங்களுக்கு மிக அருகில் வந்த பதில் பெங்களூரிலிருந்து வந்தது. சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வழியாக லாரியில் ஒரு ராத்திரிப் பயணம். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கருவியை வடிவமைத்தார்கள். 2001இல் மாதிரியைக் காட்டினார்கள். லினக்ஸில் ஓடியது. இந்திய மொழிகளில் எழுத்தைக் காட்டவும், எழுதியதைக் குரலாகப் படிக்கவும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். விலை 9,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டும் என்று குறி வைத்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது அதிலிருந்த ஸ்மார்ட் கார்டு துளை. ஊருக்கு ஒரு கருவி போதும். ஆளுக்கு ஒரு கார்டு. கார்டைச் செருகினால் அது உன்னுடைய கருவி, உருவினால் அடுத்தவருடையது. உன் தகவல் உன் பையில் இருக்கும். வாட்ச் கடையில் நாங்கள் இழந்ததற்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பிக்கோபெட்டா என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அமிடா சிம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால். விலை ஏறக்குறைய 10,000 ரூபாயில் தொடங்கியது. பேப்பரில் படித்து மாமாவிடம் சொன்னேன். "தமிழ் பேசுமாடா கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டார். விலையைச் சொன்னதும், "ஒரு டயரு காசு" என்றார். அவ்வளவுதான். சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கடையில் அதை நான் பார்த்ததில்லை. விற்றது நாடு முழுவதும் சில ஆயிரம்தான். அரசுகள் பஞ்சாயத்துக்கு ஒன்று என்று வாங்கியிருந்தால் விலை இறங்கியிருக்கும், அத்தையின் ஷெட் கணக்குக்கு ஒரு தமிழ்க் கட்டமும் யாராவது செய்து கொடுத்திருப்பார்கள். அந்த வாய்ப்பை நழுவவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது. 1995இல் இந்தியாவில் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வரும் அழைப்புக்கும் காசு. 2003இல் வரும் அழைப்பு இலவசமானது. அதே ஆண்டு டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. ராத்திரி வண்டியின் அடியில் படுத்து வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த டார்ச் ஒன்றே போதுமான காரணம். மாமாவும் வாங்கினார். நம்பர்களை நான் சிம் கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். நகம் அளவுச் சில்லு. மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும். போன் உடைந்தால் கழற்றி வேறு போனில் போடலாம். சிம்ப்யூட்டர் கார்டின் வேலையில் ஒரு பாதியை அது செய்தது. அந்தப் பாதியே அவருக்குப் போதுமாக இருந்தது.

இன்று கையில் இருக்கும் போனில் ஆயிரம் வசதி. தமிழில் பெயர் போடலாம், ராகு காலம் பார்க்கலாம், அத்தையின் கட்டத்தைக்கூடப் போடலாம். விலை மலிவான ஒன்றைத் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்டால் கேமராவையும் ஜி.பி.யையும் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்வேன். கடையிலேயே ஒரு பெயரை ஏற்றுங்கள். பிறகு அதை வேறொரு போனுக்கோ கார்டுக்கோ வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்டினால் வாங்குங்கள்.

மாமாவின் நம்பர் பெட்டி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அத்தையின் நீள நோட்டுகள் ஒன்பதும் பக்கத்தில் இருக்கின்றன. 1994இல் வந்த குஞ்சுகளின் முதல் வாரச் சாவு எத்தனை என்பதை இன்றும் பார்த்துச் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த ஒரு டிஜிட்டல் டைரி எங்காவது கிடக்கலாம். கண்டெடுத்தால் உடனே வாட்ச் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மெயின் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பேக்கப் பேட்டரியைத் தொடாதீர்கள். திரையில் எழுத்து வந்தால், வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி எடுங்கள். பால்பாயிண்டில் எழுதுங்கள்.